வீட்டைச் சுற்றி வரும் தெருப்பூனைகள்: சோறு வைப்பது முதல் கருத்தடை வரை

கொல்லைப்புறத்தில் ஒரு பெட்டைப் பூனைக்கு மீன் தலை போடத் தொடங்கினால், அடுத்த வருடம் அதே இடத்தில் ஏழெட்டுப் பூனைகள் நிற்கும். நாலைந்து மாத வயதிலேயே பெட்டை பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கவும் செய்யும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகள் பருவத்துக்கு வருவது நின்றுபோகும். நம் ஊரில் அந்த ஓய்வு பெரிதாகக் கிடையாது.

ஆகவே சோறு வைக்கிறவர்தான் கருத்தடைக்கும் பொறுப்பு. அதற்கு நேரமோ பணமோ இப்போது இல்லையென்றால், சோற்றையும் தொடங்காமல் இருப்பதே அந்தத் தெருவுக்குச் செய்யும் உபகாரம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் வேலை நினைப்பதைவிட எளிது. வேளாவேளைக்குத் தட்டைத் தேடி வரும் பூனையைப் பிடித்துவிடலாம். எப்போதாவது வந்துபோகும் பூனையைப் பிடிக்கவே முடியாது.

பிடித்துக்கொண்டுபோய் வேறு ஊரில் விட்டுவிடலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். இரையும் மறைவும் இருக்கும் இடம் காலியாகக் கிடக்காது, பக்கத்துத் தெருப் பூனைகள் சில மாதத்தில் வந்து நிரப்பும். கொண்டுபோய் விட்ட பூனையோ பழைய இடத்தைத் தேடி அலைந்து வண்டியில் அடிபடும், இல்லையேல் பட்டினி கிடக்கும். பட்டினியில் சாகும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் குற்றம். விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் வரும். ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு.

முதலில் கணக்கெடுப்பு

ஒரு வாரம், காலையில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, வருகிற பூனைகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். காலைக் கூட்டமும் ராத்திரிக் கூட்டமும் பெரும்பாலும் வேறுவேறு. மூன்று பூனை என்று நினைத்திருந்த வீட்டில் ஆறு இருப்பது சகஜம்.

ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொள்ள வேண்டியவை: ஆணா பெண்ணா, காது நுனி நேராக வெட்டப்பட்டிருக்கிறதா (ஏற்கெனவே கருத்தடை ஆனதன் அடையாளம்), சினையா, பால் கொடுக்கிறதா. கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த பூனை, வெள்ளை சேர்ந்திருந்தாலும் சரி, ஏறக்குறைய எப்போதுமே பெட்டைதான். முழுக்கச் செம்மஞ்சள் என்றால் பெரும்பாலும் கடுவன். வயது வந்த கடுவனுக்குக் கன்னம் தடித்து முகம் உருண்டையாக இருக்கும்; திரும்பி நடக்கும்போது வாலுக்குக் கீழே பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பால் கொடுக்கும் பூனையின் காம்புகள் சிவந்து புடைத்திருக்கும், அவற்றைச் சுற்றியுள்ள முடி ஈரமாகி விலகிக் கிடக்கும். இதைக் கட்டாயம் கவனியுங்கள், பின்னால் பிடிக்கிற நாளைத் தீர்மானிப்பது இதுதான்.

வாலை நிமிர்த்திக்கொண்டு, உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு வரும் பூனை யாரோ வளர்த்து விட்டது. சத்தமே போடாமல், உடம்பைத் தரையோடு ஒட்டி, நீங்கள் உள்ளே போகும்வரை தட்டை நெருங்காதது மனிதக்கை படாமல் வளர்ந்தது. முன்னதற்கு வீடு தேடலாம். பின்னதை மடியில் வைத்துக் கொஞ்சப் பார்க்காதீர்கள். அது கேட்பது சோறும் தூரமும்தான்.

ஏரிக்கரை, கரும்புத் தோட்டம், புதர்க்காட்டை ஒட்டிய வீடுகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நீண்ட காலும், குட்டையான வாலும், கோடில்லாத பழுப்பு உடம்புமாக வருவது காட்டுப்பூனையாக இருக்கலாம். அது வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அதன் குட்டிகளைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எங்கே, எப்போது வைப்பது

வாசல் பக்கம் வேண்டவே வேண்டாம். தெருநாய்க்கும் வண்டிக்கும் நடுவில் பூனையை நிறுத்துகிற வேலை அது. அண்டைவீட்டுச் சண்டைக்கும் அதுவே ஆரம்பம். கொல்லைப்புறம், மாடிப்படிக்குக் கீழே, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் என்று பூனை தப்பி ஓட இரண்டு வழியுள்ள இடமாகப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, தினமும் ஒரே நேரம். காலை 6 மணி, மாலை 6 மணி என்றால் அதில் கால் மணி முன்னேபின்னே ஆகலாம், அதற்கு மேல் வேண்டாம். வைக்கும்போது ஒரே மாதிரி சத்தம் கொடுங்கள், கரண்டியால் தட்டைத் தட்டினாலும் போதும். 30 நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துக் கழுவிவிட வேண்டும். இந்த ஒன்றில் சோம்பல்பட்டால் காகமும் எறும்பும் வரும், ராத்திரியில் பெருச்சாளி வரும், பக்கத்து வீட்டிலிருந்து புகாரும் வரும். நாள் முழுக்கத் தட்டு கிடக்கும் வீட்டில் பூனைக்குப் பசி நேரம் என்று ஒன்று இருக்காது. பசி நேரம் இல்லாத பூனை கூண்டுக்குள் போகாது.

பூனைக்கு ஒரு தட்டு, தட்டுக்குத் தட்டு ஒரு மீட்டர் இடைவெளி. ஒரே தட்டில் கொட்டினால் தடித்த கடுவன் தின்றுவிட்டுப் போகும், சினைப்பூனை வெறும் வயிற்றோடு நிற்கும். எறும்புக்கு ஒரு பெரிய தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வையுங்கள். எறும்புப்பொடி தூவாதீர்கள், பூனை பாதத்தை நக்கும்.

என்ன, எவ்வளவு

வளர்ந்த பூனையின் எடை மூன்றரை முதல் நாலு கிலோ. அதற்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கிலோகலோரி போதும். கடையில் வாங்கும் உலர் தீனி மட்டும் என்றால் ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு 55 முதல் 60 கிராம், அதை இரண்டு வேளையாகப் பிரித்து வைக்கலாம். பால் கொடுக்கும் பூனைக்கு இதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் வேண்டும். நாய்த்தீனி விலை குறைவு என்று மாற்றிவிடாதீர்கள். பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் இறைச்சியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும், அதன் உடம்பு போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. அது நாள்பட்டுக் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துபோகும். தயிர்ச்சாதம் மட்டுமே தின்று வளரும் பூனையின் கதியும் இதுதான்.

நாலைந்து பூனைகளுக்குத் தினமும் உலர் தீனி கட்டுப்படியாகாது. காலையில் தீனி, மாலையில் வீட்டுச் சமையல் என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். நாலு பூனைக்குக் காலையில் 120 கிராம் தீனி. மாலைக்குக் கறிக்கடையில் கோழிக்கழுத்து, தோல், இதயம் சேர்த்து 400 கிராம். கழுத்தெலும்பு விரலில் நசுங்கும்வரை குக்கரில் ஏழெட்டு விசில். வெந்ததும் ஒரு கைப்பிடி குழைந்த சோறு. எலும்பு மாவாக நசுங்கினால்தான் அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து பூனைக்குச் சேரும். பாதி வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், டாரின் அதில் கரைந்திருக்கும், சோற்றில் பிசைந்தே வையுங்கள். ஈரல் சேர்த்தால் 400 கிராமுக்கு 30 கிராமைத் தாண்டக் கூடாது. தினசரி நிறைய ஈரல் தின்னும் பூனைக்கு வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் இறுகிப்போகும்.

உப்பு, வெங்காயம், பூண்டு மூன்றும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் பொடியானாலும் அதே கெடுதல்தான். அதனால் மீன்குழம்பு மிச்சம், பிரியாணி மிச்சம் எல்லாம் குப்பைக்குத்தான். மத்தி, நெத்திலி மலிவாகக் கிடைக்கும் நாட்களில் வேகவைத்துக் கொடுக்கலாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். எண்ணெய் மீனை மட்டுமே நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து தோலடிக் கொழுப்பில் வீக்கம் வரும். பச்சை மீனையே தொடர்ந்து கொடுத்தால் பி1 குறைந்து கழுத்து தொங்கும், நடை தடுமாறும்.

பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது, பேதிதான் ஆகும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும், சோற்றுத்தட்டுக்கு நாலடி தள்ளி, அகலவாய் மண்சட்டியில்.

கூண்டில் பிடிப்பது

கையால் பிடிக்க முயற்சி செய்யாதீர்கள். சாக்கும் கோணிப்பையும் கூட வேண்டாம். தேவை, மிதிபலகையில் கால் வைத்ததும் கதவு விழும் கம்பிக்கூண்டு. நீளம் 75 முதல் 90 செ.மீ., அகலம் 25 முதல் 30, உயரம் 30க்கு மேல். நீளம் குறைந்தால் கதவு வாலில் விழும். பெருச்சாளிக் கூண்டில் நடக்கும் கோளாறு இதுதான். கம்பியிடைவெளி இரண்டரை செ.மீ.க்கு மேல் இருந்தால் முகத்தை நுழைத்து மூக்கைக் கிழித்துக்கொள்ளும். சில விலங்குநல அமைப்புகள் கூண்டை இரவல் தரும், வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளவும் முடியும்.

மருத்துவரிடம் நாள் வாங்கிய பிறகுதான் கூண்டை எடுக்க வேண்டும், முன்னால் எடுத்தால் பிடித்த பூனையோடு தெருத்தெருவாக அலைய நேரும். தெருமுனைக் கிளினிக்குகள் பல முரட்டுப் பூனையைத் தொடமாட்டார்கள். "கூண்டோடு கொண்டுவருவேன், கூண்டுக்குள்ளேயே மயக்க ஊசி போட முடியுமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம். 1959இல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிலும் கேட்டுப்பாருங்கள்.

பழக்குவதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்:

1. கதவு விழாதபடி கம்பியால் கட்டி, கூண்டைத் தட்டு வைக்கும் இடத்திலேயே போடுங்கள். தரையில் ஆடக் கூடாது. கால் பட்டதும் ஆடும் கூண்டுக்குள் எந்தப் பூனையும் இரண்டாம் தடவை நுழையாது. அடியில் நாலு மடிப்புச் செய்தித்தாள் போட்டால் கம்பி பாதத்தில் உறுத்தாது.
2. முதல் இரண்டு நாள் தட்டு கூண்டு வாசலில், மூன்றாம் நாள் பாதிவழியில், ஐந்தாம் நாள் மிதிபலகைக்குப் பின்னால் கடைசி முனையில்.
3. பிடிக்கிற நாளுக்கு முந்தின மாலை சோறு கிடையாது, தண்ணீர் உண்டு. தெருவில் வேறு யாராவது பூனைக்குப் போடுகிறார்களா என்று கேட்டு, அவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். இதை மறந்தால் மற்றது எல்லாம் வீண்.
4. பிடிக்கும்போது வாசனைக்கு வறுத்த நெத்திலியோ, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிய கருவாடோ ஒரே ஒரு ஸ்பூன். மயக்கமருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.
5. கதவு விழுந்த கணமே முழுக் கூண்டையும் கனமான துணியால் மூடுங்கள். மூடாத கூண்டில் பூனை மோதிமோதி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். இருட்டானதும் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும்.

கூண்டை வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. கண்ணுக்குப் படும் தூரத்தில் இருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் வைக்கவே வேண்டாம், துணி மூடிய கூண்டு அரை மணியில் அடுப்பாகிவிடும்.

பெட்டைகளை முதலில் பிடியுங்கள். பத்துப் பூனையில் எட்டுக் கடுவனுக்குச் செய்து இரண்டு பெட்டையை விட்டால், குட்டிக் கணக்கு அப்படியே இருக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கடுவன் வந்தால் போதும், இரண்டும் சினை பிடிக்கும்.

அறுவைச் சிகிச்சையும் அதன் பிறகும்

வளர்ந்த பூனைக்கு 8 மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் போதும். நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டியை நாலு மணிக்கு மேல் பட்டினி போடாதீர்கள், ரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கத்திலேயே போய்விடும். ஒரு கிலோ எடை வந்த குட்டிக்கே அறுவை செய்யலாம். நாலாவது மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், மறதிக்கு இடமில்லை. தையல் தானே கரையும் நூலில், பிரிக்க மறுபடி பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாதபடி. பால் மடி பெருத்த பூனைக்கு விலாப்பக்கமாகச் செய்ய முடியுமா. மடி குறுக்கே வராது, புண்ணை நாலடி தூரத்திலிருந்தே பார்க்கலாம். அதே மயக்கத்தில் இடது காது நுனியில் ஒரு செ.மீ. நேர்வெட்டு, வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, நீண்டநேரம் வேலைசெய்யும் வலிமருந்து. காதுவெட்டு வேண்டாம் என்று இரக்கப்பட்டால், அடுத்த வருடம் வேறொருவர் அதே பூனையைப் பிடித்து மறுபடி வயிற்றைத் திறக்க நேரும்.

அறுவை முடிந்த பூனையை அதே கூண்டில், புதுச் செய்தித்தாள் போட்டு, காற்றோட்டமுள்ள நிழலான அறையில் வையுங்கள். மயக்கத்தில் உடம்புச்சூடு இறங்கும், ஏசி வேண்டாம், ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம். தலை நின்று, கண் தொடர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகு பாதி அளவு சோறு. கடுவனை 24 மணி நேரத்தில் விடலாம், பெட்டைக்கு 48 மணி நேரம். குட்டிகள் இருக்கும் தாயை மறுநாள், முழுத் தெளிவு வந்ததும் விட்டுவிடுங்கள். கருத்தடையால் பால் வற்றாது. ஆனால் குட்டிகள் ஐந்து வாரம் ஆகித் தானாகத் தின்னத் தொடங்கும்வரை தாயைப் பிடிக்காமல் இருப்பதே நல்லது.

புண்ணிலிருந்து ரத்தம் சொட்டினாலோ, சீழ் வைத்தாலோ, 24 மணி நேரமாகியும் ஒன்றும் தின்னாமல் இருந்தாலோ மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும். காய்ச்சல் போலிருக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

விடுவது பிடித்த இடத்தில்தான். கதவு தெருவைப் பார்க்காமல் சுவரையோ செடியையோ பார்த்திருக்கட்டும். கடுவனுக்குச் செய்த பிறகும் சில வாரம் வீரியம் மிஞ்சியிருக்கும். சுவரில் பீய்ச்சும் மூத்திர நாற்றமும் அதற்குள் படிப்படியாகக் குறையும்.

குட்டிகள்

செடிமறைவில் குட்டிகளைக் கண்டால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும், அல்லது ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். சில மணி நேரம் தூரத்திலிருந்து பாருங்கள். வயிறு உப்பி, கதகதப்பாகத் தூங்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறது என்று அர்த்தம். விடாமல் கத்தி, தொட்டால் சில்லென்றிருந்தால்தான் நீங்கள் இறங்க வேண்டும்.

மனிதரோடு பழகும் புத்தி குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் படிகிறது. எட்டு வாரத்துக்குள் எடுத்துக் கையில் வைத்துப் பழக்கினால் வீடு தேடிக் கொடுக்கலாம். மூன்று மாதம் தாண்டியதைப் பழக்குவது பெரும்பாடு. அதற்குக் கருத்தடை செய்து இருந்த இடத்திலேயே விடுவதுதான் நியாயம்.

மலம், மூத்திரம், அக்கம்பக்கம்

பூனைமேல் வரும் புகாரில் முக்கால்வாசி இந்த இரண்டால்தான். கட்டடம் நடக்கும் வீட்டில் மணல் குவித்தால் பூனை எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையே நீங்களும் செய்யுங்கள். சோற்றுத்தட்டிலிருந்து 15 அடி தள்ளி, மழை படாத மூலையில், மூன்றடிக்கு இரண்டடி, ஒரு சாண் ஆழத்துக்கு மணல். தினமும் கொத்துக்கரண்டியால் மலத்தை எடுத்துவிட வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும், அன்றன்று எடுத்தால் அந்தப் பயம் பெருமளவு போய்விடும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பூந்தொட்டி மண்ணைத் தோண்டாமலிருக்க மேலே கூழாங்கல் பரப்பலாம். கழுவுவதற்குப் பினாயில், டெட்டால் வகையறா வேண்டாம், அவற்றிலுள்ள பினால் சேர்மங்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசினால் போதும்.

அண்டைவீட்டாரிடம் பேசும்போது பூனைமீது பாசம் வையுங்கள் என்று கேட்காதீர்கள். காதுவெட்டின பூனையைக் காட்டி, "இனிமே இது குட்டி போடாதுங்க, ராத்திரிக் கத்தலும் இருக்காது" என்று சொல்லுங்கள். பயன்படுவது அதுதான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்: வயிறு நிறைந்த பூனையும் அணிலையும் ஓணானையும் பிடிக்கும். பறவைகள் கூடு கட்டும் மரத்தடியிலும் ஏரிக்கரையிலும் தட்டு வைக்காமலிருப்பது அதற்காகத்தான்.

மழைக்காலமும் தீபாவளியும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மீன்கடையில் கிடைக்கும் மூடிபோட்ட தெர்மோகோல் பெட்டி போதும். பக்கவாட்டில் 15 செ.மீ. வட்டமாக ஒரு வாசல், உள்ளே வைக்கோல், அடியில் இரண்டு செங்கல். பழந்துணி போடாதீர்கள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைநாளில் வண்டி எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள், சூட்டுக்காக இஞ்சின் பக்கம் குட்டி படுத்திருக்கும்.

தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் பூனைகள் காணாமல் போகும். அந்த வாரம் கூண்டு வைக்காதீர்கள். சோற்றை அதிகாலை 4, 5 மணிக்கு மாற்றினால் பாதியாவது வந்து தின்னும்.

கடி, கீறல், நோய்

பூனை கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. தொடர்ந்து பூனை பிடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

குட்டிகள் வாந்தியும் பேதியுமாகத் தண்ணீர்ச்சட்டிமேல் தலையைத் தொங்கப்போட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் அது பான்லூக்கோபீனியாவாக இருக்கலாம். ஓரிரு நாளில் கொல்லும் வைரஸ், மண்ணில் ஒரு வருடம்வரை உயிரோடிருக்கும். தட்டையும் இடத்தையும் மேலே சொன்ன ப்ளீச்சிங் கலவையில் கழுவி, தடுப்பூசி போடாத புதுக் குட்டிகளை அந்த இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். உண்ணிக்கு நாய்க்கு வாங்கிய சொட்டுமருந்தையோ பொடியையோ பூனைக்குப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து செத்துவிடும்.

ஊருக்குப் போகும்போது

நாலு நாள் பயணத்துக்கு மூட்டையாகத் தீனியைக் கொட்டிவிட்டுப் போவது பெருச்சாளிக்கு விருந்து. பக்கத்து வீட்டுப் பையனுக்கோ மாடிவீட்டு அக்காவுக்கோ வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, எந்த இடம், எத்தனை மணி, அரை மணியில் தட்டை எடுக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பூனைகளின் படமும் அவர்கள் போனில் இருக்கட்டும். காதுவெட்டு இல்லாத புது முகம் தட்டுக்கு வந்தால் அன்றே உங்களுக்குப் படம் அனுப்பச் சொல்லுங்கள். புதுப்பூனை பெட்டையாக இருந்தால் கூண்டு எடுக்க உங்களுக்கு இரண்டு மாதம்கூட இருக்காது.